ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற செங்கல்காரர்

பேஸ்பால் ஆடியிருக்கிறேன் என்று சொன்னால் இன்றைக்கும் என் வீட்டில் சிரிக்கிறார்கள். மருமகன் ஒரு படி மேலே போய், "மாமா, கிரிக்கெட்டைத்தானே சொல்றீங்க?" என்று என்னைத் திருத்துகிறார். அடப் போங்கய்யா! வித்தியாசம் தெரியாமலா என் வலது கை மோதிர விரல் இப்படிக் கோணிக்கொண்டு கிடக்கிறது? அறுபதுகளில் சிதம்பரத்தில் ஒரு பேஸ்பால் டீம் இருந்தது. கடலூரில் இன்னொன்று இருந்தது. தென்னாற்காடு மாவட்டத்தில் மொத்தமே இந்த இரண்டுதான். ஆகவே நாங்கள் ஆடியதெல்லாம் ஃபைனல்தான்.

அந்த டீமில் எல்லாரும் மாணவர்கள். ஒருவரைத் தவிர. அவர் ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய நாள் கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடிய ஆள் இந்தியாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று எங்கள் கோச் சொல்வார். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் சித்தாள்கள் முதல் மேஸ்திரி வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் கோச் ஒரு வெள்ளைக்காரர். தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்க இரண்டு மூன்று வருஷத்துக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்தவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் என்பதால் நெட்டை சார். ஒரு கான்வாஸ் பை நிறைய பந்தும் மட்டையும் தோல் கையுறையும் கொண்டுவந்திருந்தார். ஆட்டத்தைப் பற்றி ரொம்பச் சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். சதுரத்தின் நாலு மூலை. நாங்கள் உமி அடைத்த சாக்குகளை மூலைக்கு ஒன்றாகப் போட்டிருந்தோம். அடித்தவன் முதல் சாக்குக்கு ஓடுவான். அவன் கால் படுவதற்குள் பந்து அங்கே நிற்கிறவர் கைக்குப் போய்விட்டால் அவன் அவுட். அங்கே நிற்பவர்தான் ஃபர்ஸ்ட் பேஸ். நாலு மூலையும் சுற்றி நான் உட்கார்ந்திருக்கிற கடைசி மூலைக்கு ஒருவன் வந்து சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு ரன். நான் கேட்சர்; ஓடிவருகிறவன் சாக்கைத் தொடுவதற்குள் பந்தோடு நான் அவனைத் தொட்டால் அவன் அவுட், மூன்று பேர் அவுட்டானால் அவர்களுடைய இன்னிங்ஸ் முடிந்தது. முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டிக்கொண்டு குந்தியிருப்பது என் வேலை.

எங்கள் டீமில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஆள் அமையவே இல்லை. வீசுகிறவர்கள் நாங்கள், எங்கள் வீச்சோ அண்ணாமலை நகரில் நின்று வீசினால் புவனகிரியில் போய் விழுகிற லட்சணம். யார் நின்றாலும் பாதிப் பந்து கையைத் தாண்டிப் போயிற்று.

அப்போது எங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாரும் நானும் அந்த வழியாக வந்தோம். லாரியிலிருந்து செங்கல் இறங்குகிறது. லாரி மேல் ஒருத்தி, கீழே ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு பெண், அப்புறம் சாரத்தின் மேல் ஓர் ஆள். செங்கல் இரண்டிரண்டாகக் கை மாறிக் கை மாறி மேலே போகிறது. லாரி மேல் இருந்த சித்தாள் வேலைக்குப் புதுசு. அவள் வீசுவது ஒன்று தலைக்கு மேல், ஒன்று முழங்காலுக்கு, ஒன்று மூன்றடி தள்ளி. கீழே நின்றவர் அத்தனையையும் பிடித்தார். உள்ளங்கையில் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தார். செங்கல் கையில் வந்து மோதுகிற சத்தமே கேட்கவில்லை. பிடித்த கை அப்படியே இடது பக்கமாகச் சுழலும், செங்கல் பின்னால் நிற்பவளிடம் போயிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சார் அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டார். நான் குடையைப் பிடித்தபடி, "சார், மெஸ்ல சோறு தீந்துடும்" என்றேன். சார் அந்தச் செங்கல்காரரைக் கைகாட்டி, தன்னிடம் இருந்த மொத்தத் தமிழையும் திரட்டி, "இவர். வேணும்" என்றார்.

போய்க் கேட்டேன். அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். "பந்தா? எம்மா கனம் இருக்கும்?"

பந்தைக் கொடுத்தேன். கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இத புடிக்கறதுக்கா ஆளு தேடுறீங்க?" என்றார். "நாள் கூலி உண்டில்ல தம்பி? மேஸ்திரி கேப்பாரு."

அவருக்குப் பின்னால் நின்ற பெண் அவருடைய மனைவி. தலையில் சும்மாடும் இடுப்பில் சொருகிய முந்தானையுமாக என்னைப் பார்த்து, "தம்பி, படிச்சவங்கதான நீங்க? ஒங்களுக்கு வேற வேல இல்லியா?" என்றார். நியாயமான கேள்வி.

அந்தத் தம்பதி இருவரும் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தைச் சேர்ந்தவர்கள். கடல் தொழிலை விட்டு எதற்கு இங்கே வந்தார்கள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. "கட்டுமரத்துல ஏறினா எனக்கு வாந்தி வரும் தம்பி. அலைக்கு அந்தாண்ட போறதுக்குள்ள கொடலு வெளிய வந்துடும்." குப்பத்தில் இதைச் சொல்லிச் சொல்லி அவர் மானத்தை வாங்கியிருக்கிறார்கள். எல்லாரையும்விட ஜாஸ்தி வாங்கியவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். கடலுக்கு ஆகாத ஆளுக்குத் தங்கச்சியைக் கொடுத்துவிட்டோமே என்ற எரிச்சல் அவருக்கு. பொங்கலுக்குப் போனால்கூட, "வாங்க வாந்தி மாப்புள" என்றுதான் வரவேற்பாராம்.

கீழே விழப்போகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு முறை கடலூர் பஸ்ஸில் போகும்போது வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் டிரைவர் பிரேக் போட்டார். முன்சீட்டுப் பெரியவரின் மடியிலிருந்து முட்டைக் கூடை பறந்தது. நாங்கள் எல்லாரும் கம்பியைப் பிடித்தோம், இவர் கூடையைப் பிடித்தார். ஒரே ஒரு முட்டைதான் விரிசல் விட்டது. அதற்குக் கடலூர் வரைக்கும் அந்தப் பெரியவரிடம் வருத்தம் சொல்லிக்கொண்டே வந்தார். எப்படிண்ணே இப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், "வர்றத எதுத்துப் போவாதீங்க. அது போற பக்கம் கையும் கொஞ்சம் கூடப் போவட்டும்" என்பார். தோல் கையுறையை ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார். அது போட்டால் கைக்குக் காது கேட்கவில்லையாம். டியூப்பையே மாட்டிக்கொண்டார்.

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், கடலூர் டீமோடு. அடடா, அந்த முதல் பத்து நிமிஷம்! மங்கலம்பேட்டைப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை ஒருவன்தான் எங்கள் கேப்டன். வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ. கூலியாளோடு ஆடுவதா என்று முதலில் மூக்கைச் சுளித்தவன். அவனே மூன்று பந்தைக் கோணல்மாணலாக வீசினான், மூன்றையும் அண்ணன் எட்டிப் பிடித்தார். நாலாவது பந்து தலைக்கு மேல் போயிற்று. சாக்கிலிருந்து கால் எடுக்காமல் எம்பிப் பிடித்தார். ஓரத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஓர் ஆள் சந்தோஷம் தாங்காமல் "ஹோய்!" என்று கத்தினார்.

அவ்வளவுதான். அண்ணனின் கை இடது பக்கமாகச் சுழன்றது. பந்து நேராக அந்த வேர்க்கடலை ஆளின் மடியில் போய் விழுந்தது. அவர் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார். சாக்குகளில் நின்ற எதிராளிகள் சாவகாசமாக நடந்து வந்து ரன் எடுத்தார்கள். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அண்ணன் மட்டும் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆட்டத்தில் இன்னும் இரண்டு முறை அதே கதை. தோற்றோம். கேப்டன் கொதித்துப்போய், "சார், இந்த ஆள அனுப்பிடுங்க. எங்க சித்தப்பா பையன் நிப்பான்" என்றான். சார் ஒரு மாதம் தவணை கேட்டார்.

மறுநாள் நான் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். அண்ணன் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். "வுட்டுடுங்க தம்பி, எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன எடுத்துடுவாங்களா தம்பி? எடுத்துட வாணாம்னு சொல்லுங்க. இருவது வருசமா செங்கல் புடிக்கிறேன். புடிச்சா செவுருதான் ஒசரும், நம்மள எவன் பாத்தான்? நேத்து மூணு பந்து புடிச்சதுக்கு அத்தினி பேரு கை தட்டுனாங்க. எனக்கு கை தட்டி நான் கேட்டதே இல்ல தம்பி."

"எடுக்க விடமாட்டேண்ணே" என்றேன்.

பிரச்சினை காதில்தான் என்று நான் கண்டுபிடித்தேன். பெரிய டாக்டர் மாதிரி பஞ்சு வாங்கிவந்து அவர் காதில் அடைத்தேன். பயிற்சியில் பந்தைப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே, கையில் கொழுக்கட்டை வைத்த பிள்ளையாராக நின்றுவிட்டார். ஓடுகிறவன் நாலு மூலையும் சுற்றி வந்தான், இவர் அசையவில்லை. "வீசுங்கண்ணே!" என்று நான் கத்துவதும் கேட்கவில்லை.

அவருடைய மனைவி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். வேலிக்கு வெளியே நின்று இந்தக் கூத்தை முழுதும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"யாரு இது காதுல பஞ்ச வச்சது?"

"நான்தாங்க்கா."

"நல்லா வச்சீங்க. கொரலு கேக்காம அது எப்பிடி வீசும்? வரிசையில நான் பின்னால நிக்கிறன். எங்கையில இருக்கற கல்ல மேல வுட்டுட்டு, கை காலியாச்சுன்னா 'ஹோய்'ம்பேன். அந்தக் கொரலு வர்ற எடத்துக்கு அது வீசும். திரும்பிப் பாத்தா அடுத்த கல்லு மூஞ்சில வந்து வுழும் இல்ல?"

அப்போதுதான் எனக்கு அந்த வரிசையின் சட்டம் புரிந்தது. கை காலியாகாமல் யாரும் குரல் கொடுக்கக் கூடாது. குரல் வந்துவிட்டால் யோசிக்கக் கூடாது, வீசிவிட வேண்டும். ஒருத்தி கையில் கல்லை வைத்துக்கொண்டே பராக்கில் குரல் கொடுத்துக் கால்விரல் நசுங்கிப் போனதை அக்கா சொன்னார். அதற்கப்புறம் அங்கே எவரும் விளையாட்டுக்குக்கூட "ஹோய்" சொல்வதில்லை. வேர்க்கடலை ஆள் கத்தியதும் அண்ணன் வீசியது பிசகே இல்லை. எவனோ ஒருவன் கை காலியாக இருக்கிறது என்று சொல்கிறான், இவர் கொடுத்துவிட்டார்.

"அப்ப என்னக்கா செய்யறது?"

"நீங்க கொரலு குடுங்க. ஒங்க கை காலியாதான இருக்குது?"

காலியாகத்தான் இருந்தது. மறுநாள் முதல் நான் குரல் கொடுத்தேன். பந்து எங்கே வேண்டுமோ அங்கே நிற்பவன் "ஹோய்" என்பான். அப்புறம் பார்க்க வேண்டுமே! ஃபர்ஸ்ட் பேஸில் பிடிப்பதும் அடுத்த இடத்துக்கு வீசுவதும் இரண்டு வேலையாகத் தெரியவில்லை. ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். நெட்டை சார் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிவார், அதையும் இவரே ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுப்பார். இரண்டு வருஷம் கடலூர் டீம் எங்களிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அண்ணனுக்குக் கைதட்டல் பழகிப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் யாருக்குத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

நல்லா இருக்கிறதை நல்லா இருக்க விடுவானா எங்கள் கேப்டன்? கடலூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் போன தைரியத்தில், "எங்க ஃபர்ஸ்ட் பேஸ்காரன் எப்படி வீசறான் தெரியுமா?" என்று ரகசியத்தை அவிழ்த்துவிட்டான். பக்கத்து இலைக்காரன் கடலூர் டீமின் ஆள்.

மூன்றாவது வருஷக் கோப்பை ஆட்டம் கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்தில். சார் ஊருக்குத் திரும்புகிற வருஷம் அது. பஸ்ஸில் போகும்போதே அண்ணன் சரியாகப் பேசவில்லை.

"என்னண்ணே?"

"குப்பத்துலேர்ந்து வராங்களாம். மச்சானும் வராரு. 'கடலுக்குத்தான் ஒதவல, கரைக்காவது ஒதவுறாரா பாப்பம்'னாராம். ஒங்கக்கா நாலு நாளா அங்கதான் இருக்குது, அதுங்கிட்டயே சொல்லியிருக்காரு." டியூப்பைக் கையில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "இன்னிக்கு எம்மானத்த காப்பாத்திடணும் தம்பி."

மைதானத்தில் கூட்டம் என்றால் கூட்டம். அவருடைய மச்சான் ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பக்கமாகவே கயிற்றை ஒட்டித் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். குப்பத்து ஆட்கள் சுற்றிலும். அக்கா கையில் தூக்குவாளியோடு ஓரமாக நின்றார்.

முதல் இரண்டு இன்னிங்ஸ் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் அவர்கள் வேலையைக் காட்டினார்கள். எதிராளி ஒருவன் இரண்டாவது சாக்கிலும் இன்னொருவன் மூன்றாவது சாக்கிலும் நிற்கிறார்கள். அண்ணன் பந்தைப் பிடிக்கவும், ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருந்த கடலூர்ப் பையன்கள் பத்துப் பேர் ஒரே குரலில் "ஹோய்!" என்றார்கள். என் குரல் அதில் மூழ்கிப்போயிற்று. அண்ணன் வீசினார். பந்து கூட்டத்துக்குள் போயிற்று. இரண்டு ரன்.

"வாந்தி எடுத்துட்டாருடா மாப்புள!" என்று குப்பத்துப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். மச்சான் சிரித்து சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்கா சிரிக்கவில்லை.

இன்னிங்ஸ் முடிந்து வந்த அண்ணனுக்கு முகமே இல்லை. கோபம் இருக்கும் என்று பார்த்தேன், கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"ஏன் தம்பி, அவுங்க கை காலியா இல்லியே? பந்து அவுங்களுக்கு வேண்டியதும் இல்லியே?"

"ஒங்கள ஏமாத்தறதுக்குக் கத்தறாங்கண்ணே."

"பொய்க்கு கொரலு குடுப்பாங்களா?" அவர் என்னையே பார்த்தார். "அப்பிடிக்கூட செய்வாங்களா?"

செய்வார்கள். உலகத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேப்டன் வந்தான். "இதோ பாருய்யா. இனிமே புடிச்சா புடிச்சபடியே நில்லு. எங்கயும் வீசாத. இன்னொரு தடவ வீசுன, இன்னியோட ஒனக்கும் டீமுக்கும் சம்மந்தம் இல்ல." வெள்ளைப் பேன்ட் போட்ட சித்தப்பா பையன் பக்கத்தில் கையுறையோடு நின்றான். நெட்டை சார் ஏதோ சொல்ல வந்தார், கேப்டன் கேட்கவில்லை. அண்ணன் தலையை ஆட்டினார்.

நாங்கள் ஐந்து இன்னிங்ஸ்தான் ஆடுவோம், அதற்கு மேல் வெயில் விடாது. எப்படியோ கையைக் காலை அடித்துக்கொண்டு ஆறு ரன் சேர்த்திருந்தோம். அவர்கள் ஐந்து. கடைசியாக அவர்கள் ஆட வேண்டியதுதான் பாக்கி. ஆரம்பத்திலேயே ஒருவன் அவுட். அடுத்தவன் எங்கேயோ தூக்கி அடித்துவிட்டு மூன்றாவது சாக்கில் போய் நின்றுகொண்டான். அவன் நான் இருக்கும் மூலைக்கு வந்துவிட்டால் சமம். அதற்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் நடக்கும். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, "ஹோய்" என்றால் காற்றுதான் வந்தது.

அப்போது எனக்குப் பின்னால் கொலுசுச் சத்தம். திரும்பினேன். அக்கா! மைதானத்தை அரைச் சுற்று சுற்றி வந்து, எனக்கு நேர் பின்னால் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார்.

"தம்பி, ஒங்க கொரலு எடுபடல. நீங்க வாய மூடிக்கினு குந்துங்க."

"அக்கா, பந்து வந்து பட்டுடும், தள்ளிப் போங்க!"

"செங்கல்லே படல, பந்தா படப்போவுது? முன்னால பாருங்க."

நடுவர் கைகாட்டினார். பந்து வந்தது, கடலூர்க்காரன் அடித்தான். தரையோடு உருண்டு நேராக எங்கள் கேப்டனிடம். மூன்றாவது சாக்கில் இருந்தவன் ஓரடி எடுத்துவைத்துக் காத்திருந்தான். கேப்டன் பந்தை அள்ளினான். அள்ளின அவசரத்தில் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஒரு வீச்சு வீசினான் பாருங்கள், அந்த முதல் நாள் புதுச் சித்தாள் தேவலாம். பந்து மூன்று முழம் விலகித் தாழ்வாகப் போகிறது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அந்தக் கணமே மூன்றாவது சாக்கிலிருந்தவன் என்னை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டான்.

அண்ணன் வலது காலைச் சாக்கில் ஊன்றியபடி தரையோடு தரையாக நீண்டார். அப்படி ஒரு மனுஷன் நீள முடியும் என்று நான் நினைத்ததில்லை. பந்து டியூப்பில் அடங்கியது. அடித்தவன் அவுட். இரண்டு பேர் போயாயிற்று. ஆனால் இன்னொருவன் என்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறான். "வீசாதே!" என்று கேப்டன் கத்துகிறான். ஓரத்திலிருந்து கடலூர்ப் பையன்கள் பத்துப் பேரும் "ஹோய்! ஹோய்!" என்கிறார்கள். கூட்டமும் சேர்ந்துகொண்டது. மைதானமே ஹோய் ஹோய் என்று கூவியது. அண்ணன் எழுந்து நின்றார். பந்து கையில் இருக்கிறது. இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள், யாரை நம்புவது?

என் தலைக்கு மேலே ஒரு குரல் போயிற்று.

"ஹோ...ய்!"

அலைக்கு அந்தப்பக்கம் நிற்கிற கட்டுமரத்துக்குக் கரையிலிருந்து கேட்கிற குரல் அது. குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு மட்டும் வருவது. அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தக் கை இடது பக்கமாகச் சுழன்றது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பந்து என் நெஞ்சுக்கு நேராக வந்து கையுறையில் அறைந்தது. நான் கையைக் கீழே இறக்கினேன். ஓடிவந்தவன் அதற்குள் சறுக்கி என் மேல் விழுந்தான். புழுதி அடங்கியதும் நடுவர் குனிந்து பார்த்தார். அவர் கடலூர்ப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். இருந்தாலும் நாணயமான மனுஷன்.

"அவுட்!"

அடேயப்பா! அப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கே தெரியவில்லை. நெட்டை சார் அழுதுகொண்டே ஓடிவந்தார். அண்ணனின் மச்சான் கயிற்றைத் தாண்டிக் குதித்து, "எங்கூட்டு மாப்புளடா! எங்கூட்டு மாப்புள!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாகப் போய் அண்ணனைத் தோளில் தூக்கினார். குப்பமே பின்னால் ஓடிற்று. கேப்டன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், மேலே இருந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் வீசினது மோசம்ணே" என்றான். அன்றைக்குத்தான் அவன் வாயிலிருந்து முதல் "அண்ணே" வந்தது. சித்தப்பா பையன் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தான். மைதானம் முழுக்கக் கை தட்டியது, கடலூர்ப் பையன்கள் உட்பட. அண்ணன் தோள் மேல் உட்கார்ந்து வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு உயரத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை. அவ்வளவும் அவருக்குத்தான் என்று அப்போது தெரிந்துகொண்டார். அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவர் இறக்கிவிடச் சொல்லிக் கேட்டுக் கீழே இறங்கினார். கோப்பைக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். எனக்குக் கை கொடுக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன், பந்தை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்ற மனைவியிடம் கேட்டார். ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

"தூக்குவாளிய கீழ வச்சிட்டுத்தான கூப்ட்ட?"

"வச்சிட்டுத்தான்யா கூப்ட்டன்."

அப்போதுதான் நான் பார்த்தேன். தூக்குவாளி மண்ணில் இருந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார். பந்து என் கையில் இருக்கிறது, ஆட்டம் முடிந்து அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அக்காவின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக, செங்கல் வாங்குகிறபடியே விரிந்து நின்றன.